பாரிஸில் தைத்த எங்கள் ஊர் உடுப்பு

பெர்மெசோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க என்னென்ன வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்: கடவுச்சீட்டு, படங்கள், முத்திரை, வேலை கொடுப்பவரின் கையெழுத்து. ஓய்வுபெறும்வரை இத்தாலியின் பலெர்மோவில், இலங்கையிலிருந்து வந்த எங்கள் ஆட்களுக்கு அந்தக் கடதாசிகளை நிரப்பிக் கொடுத்ததுதான் என் உத்தியோகம். இறகு வைத்த தலைப்பாகை எந்த விதியிலும் இல்லை. ஆனால் எனக்கு எட்டு வயதில் அம்மாவிடம் அதுவும் கேட்கப்பட்டது.

அம்மா துப்புரவு செய்த வீட்டு எசமானியான சின்யோராவின் மாமி, பழைய காலத்து நாடக நடிகை. முதலாம் உலகப் போருக்கு முன், கீழ்த்திசை அரசி வேடத்துக்காகப் பாரிஸின் பெயர்போன தையற்கூடம் ஒன்றில் அவர் தைப்பித்த உடுப்பு பெட்டியில் இருந்தது. தொளதொளத்த பட்டுக் காற்சட்டை, விளிம்புக்குள் வளையக் கம்பி ஓடும் மேலங்கி, தலைப்பாகை. குழந்தை யேசுவைக் காணக் கீழ்த்திசையிலிருந்து வந்த மூவரசரின் திருநாள் விருந்தில் அதை நான் உடுத்து நிற்க வேண்டுமாம்.

“உங்கள் நாட்டு உடுப்புத்தானே, உனக்குத் தெரியாததா?” என்று பெட்டியை அம்மாவிடம் நீட்டினார் சின்யோரா. பெர்மெசோவுக்கான கையெழுத்தைத் திருநாள் முடியப் பார்க்கலாம் என்றார்.

நகரின் அல்பெர்கேரியாப் பகுதியில் இருந்த எங்கள் அறையில் சின்னம்மா அதைத் தூக்கிப் பார்த்தார்.

“இதை எந்த ஊரிலை அக்கா உடுத்துறவை? எங்கடை மன்னாரிலை சர்க்கஸ்காரனும் உடுத்தமாட்டான்.”

“சும்மா இரடி. எங்கடைதான் எண்டு சொல்லிப்போட்டன்.”

“அப்ப இந்தக் கம்பி?”

“பெட்டிக்குள்ளை கசங்காமல் இருக்க வைச்சிருப்பினம்.”

அம்மா கம்பியை உருவி எறிந்தார். அந்தக் கம்பிதான் அங்கியை விளக்குக் கூடு போல விரித்து நிறுத்துவது என்பதை, பல வருடங்கள் கழித்து ஒரு கண்காட்சியில்தான் அறிந்தேன். தொய்ந்துபோன பட்டைத் திருநாளன்று அம்மா கொசுவி, ஊசி குத்தி, சேலைபோல என் தோளில் ஏற்றிவிட்டார்.

என்னைக் கண்டதும் சின்யோரா கிட்ட வந்து, கம்பியில்லாத விளிம்பைத் தடவிப் பார்த்தார். அம்மா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். விருந்தாளி ஒருவர் கைதட்டி, “இதுதான் அசல்!” என்றார்.

சின்யோரா நிமிர்ந்தார். “பாவம் என் மாமி, மேடை மேடையாகப் பிழையாகத்தான் உடுத்தியிருக்கிறார்.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மறுநாள் கையெழுத்துக் கிடைத்தது.

“அம்மா, மெய்யா அது எங்கடை உடுப்பே?”

“ஓம் பிள்ளை, எங்கடைதான்.”

பள்ளிக்கூடத்தில் அதையே சொன்னேன். மன்னாரில் எல்லோரும் இறகுத் தலைப்பாகையோடுதான் சந்தைக்குப் போவார்கள் என்றேன். ஆசிரியை உட்பட எவரும் மறுக்கவில்லை.

திருநாளன்று ஊசி குத்தும்போது அம்மா ஏன் கதவையே திரும்பித் திரும்பிப் பார்த்தார் என்பது மட்டும் பிடிபடவில்லை. குளிர்காற்று வருகிறதாக்கும் என்று நினைத்து, குத்திய ஊசிகளோடேயே போய் அறைக் கதவை இறுகச் சாத்திவிட்டு வந்தேன்.