கவிழ்ந்த பதினான்கு பெருவிரல்கள்

நோர்வேயில் பாடம் விளங்கியதா என்று கேட்டால் என் வகுப்பில் யாரும் வாய் திறப்பதில்லை, பெருவிரலைக் காட்டுவார்கள். நிமிர்த்தினால் விளங்கியது, கவிழ்த்தினால் விளங்கவில்லை. முதல் நாள் இருபத்துமூன்று பேரில் பதினைந்து பேர் கவிழ்த்தினார்கள். திருகோணமலையில் பதினெட்டு வருடம் கணிதம் படிப்பித்தவன் நான். மார்க்கர் கையிலிருந்து வழுக்கி விழுந்தது. அதை எடுக்கிற சாட்டில் மேசைக்குக் கீழே கொஞ்ச நேரம் இருந்துவிட்டேன்.

ஊரில் என் வகுப்பு யன்னலால் துறைமுகம் தெரியும். கப்பல் வந்தால் நாற்பது தலையும் அந்தப் பக்கம் திரும்பும். "விளங்கிச்சா?" என்று கேட்டால் கப்பலைப் பார்த்தபடியே "ஓம் சேர்" என்று ஒரே குரலில் பதில் வரும். அந்தச் சத்தத்தில் நான் மிக நல்ல வாத்தியார். பரீட்சையில் பாதிப் பேர் கோட்டை விட்டால் அது கப்பலின் குற்றம்.

இங்கே ஒரு வருடம் முடிய, தலைமை ஆசிரியை வகுப்பின் பின்னால் இருந்து ஒரு பாடம் பார்ப்பார், அதன் பிறகுதான் வேலை நிரந்தரமா என்பது தெரியும் என்றார்கள். பயத்தில் புத்தி நேரே ஊருக்கு ஓடியது. அங்கே பாடம் பார்க்க மேலிடத்து ஆட்கள் வருகிறார்கள் என்றால் நானும் பக்கத்து வகுப்பு வாத்தியார் கிண்ணியா றபீக்கும் முதல் நாளே ஒத்திகை வைப்போம். இங்கும் வைத்தேன். "நாளைக்குக் கேட்டால் எல்லோரும் விரலை நிமிர்த்துங்கள்." பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மறுப்பு வராததைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். அதுவும் ஊர்ப் பழக்கம்தான்.

மறுநாள் தலைமை ஆசிரியை பின்னால் இருக்க, பின்னங்களை வகுத்தல். கேட்டேன், இருபத்துமூன்றும் நிமிர்ந்தன. நான் உள்ளூர நிரந்தரமாகிக்கொண்டிருக்கையில் முன்வரிசை மார்த்தா கையை உயர்த்தினாள். இங்கே வாத்தியாருக்கும் பெயர்தான், ஒருமைதான்.

"சிவா, நீ சொன்னபடி நிமிர்த்தினோம். இனி உண்மையானதைக் காட்டலாமா? எனக்கு விளங்கவில்லை."

மொழி தெரியாதவன்போல் நடிக்கலாமா என்று யோசித்தேன். அதையும் நோர்வேஜிய மொழியில்தான் நடிக்க வேண்டும். "காட்டுங்கள்" என்றேன். பதினான்கு கவிழ்ந்தன.

பலகையை அழித்தேன். அரை இறாத்தல் பேக்கரிப் பாணுக்குள் எத்தனை கால் இறாத்தல் பாண் இருக்கிறது என்று வரைந்து காட்டினேன். ஊரில் ஒரு பிள்ளையும் விளங்கவில்லை என்று சொல்லாததால், பதினெட்டு வருடமாக நான் தேடாத உதாரணம் அது. திரும்பக் கேட்டபோது மூன்று விரல்தான் கவிழ்ந்திருந்தது.

பாடம் முடிந்து கதிரையில் இருந்தேன்; தலைமை ஆசிரியை கிட்ட வர, மரியாதைக்கு எழுந்து நின்றேன்.

"போகப்போகிறாயா?" என்றார்.

எழுந்ததால் கேட்கிறார் என்று பிடிபடாமல், வேலையை விட்டா என்று நினைத்தேன். "அது... நீங்கள் சொன்னால்" என்றேன்.

"இரு இரு. இரண்டாம் தடவை படிப்பித்தாயே, அதைப் பார்க்கத்தான் வந்தேன். வேலை உனக்குத்தான்."

றபீக்குக்குத் தொலைபேசி எடுத்து நடந்ததைச் சொல்ல, அவன் கேட்டான்.

"மச்சான், இஞ்ச விரல் கவிழ்ந்தா வாத்திக்கு இடமாற்றம். உனக்கு அங்க நிரந்தரமோ?"

"ஓம்."

"அப்ப அந்தப் பாண் கணக்கை எனக்கும் அனுப்பு. இதுகள் நாப்பதும் ஓம் ஓம் எண்டுதுகள், ஒண்டையும் நம்பேலாது."

விளங்கினால் உங்கள் ஊரில் எப்படிச் சொல்வார்கள் என்று மார்த்தா ஒருநாள் கேட்டாள். சொல்லிக் கொடுத்தேன். இப்போது வெள்ளிக்கிழமைகளில் வகுப்பே அதிரும்படி "ஓம் சேர்" என்று தமிழில் கத்துகிறார்கள். காது குளிர்ந்து, யன்னலில் கப்பல் தெரிகிறதா என்றுகூட ஒரு கணம் பார்க்கிறேன். பிறகு திரும்பி, கவிழ்ந்த விரல்களை எண்ணத் தொடங்குகிறேன்.