கிளியனூர் வெந்நீர்க் குளம்

கிளியனூரைத் தாண்டியதும் பஸ் பஞ்சராகி நிற்கிறது. இறங்கி நடந்தால், சவுக்குத் தோப்புக்குள் ஒரு குளம் ஆவி விட்டுக்கொண்டிருக்கிறது. ஒரு காலத்தில் பாண்டிச்சேரி வெள்ளைக்காரர்கள் குளிக்கக் கட்டிய படித்துறையாம். இப்போது சுற்று ஊர் மூட்டுவலிக்காரர்கள் முங்குகிறார்கள்.

பனையிலிருந்து விழுந்து கால் விளங்காமல் போன கணவனை, ஒரு பெண் இடுப்பளவு நீரில் தாங்கி நிற்கிறாள்.

“குணமாகுதாங்க?” என்று கேட்கிறேன்.

“வாராவாரம் வந்துக்கினுதான் கீறோம். காலு அப்படியேதாங்க கீது. ஆனா, வூட்ல வாயே தொறக்காத மனுசன் இந்தத் தண்ணில எறங்குனா பாடுறாருங்க.”

அவர் கண்ணை மூடிக்கொண்டு, ஏற்றம் இறைக்கிற பாட்டொன்றை மெல்லத் தொடங்குகிறார். கரையில் யாரோ டிரான்சிஸ்டரை அணைக்கிறார்கள். நீருக்குள் மிதக்கும் அந்தக் கால்களை அவள் பார்க்கவேயில்லை. அவர் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.