பாவுக்குக் காவல்

எல்லாம் ஒரு பம்பரம் பிளந்ததில் ஆரம்பித்தது.

கோடி வீட்டுச் சின்னப் பையன் ஓங்கிக் குத்திய குத்தில் முனை வீட்டுப் பையனின் பம்பரம் இரண்டாகப் போயிற்று. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவுக்கு அன்று அதைவிடப் பெரிய செய்தி இல்லை. கடல்களுக்கு அப்பால் யாரோ ஓர் இளவரசனைச் சுட்டுவிட்டார்கள் என்பது எங்களுக்கு வந்து சேரப் பல நாள் ஆனது. அதைக் கொண்டுவந்தவர் மாமா.

மாமா, அம்மாவுக்குத் தம்பி. கல்யாணம் ஆகாதவர். எங்கள் வீட்டிலேயே ஒரு தறி போட்டு நெய்துகொண்டிருந்தார். எங்கிருந்தோ ஒரு வாரம் பழசான பத்திரிகையைப் பிடித்துவந்து, தறிக்குழியில் கால்களைத் தொங்கவிட்டபடி உரக்கப் படிப்பார். பக்கத்து வீட்டுத் தறிகள்கூட ஓசை அடங்கிக் கேட்கும்.

"ஆஸ்திரியா செர்பியா மேல பாயுது. செர்பியாவுக்கு ரஷ்யா துணை. ஆஸ்திரியாவுக்கு ஜெர்மனி. ரஷ்யாவுக்கு பிரான்ஸு…"

"இன்னாபா இது, பாகப்பிரிவினைச் சண்டையாட்டம் இருக்குது? பங்காளிங்க எல்லாம் கம்பெடுத்துக்கினு வராங்க!" என்றார் அப்பா. "போவட்டும், நம்ம தெருவுக்கா வரப்போவுது?"

"வந்துட்ச்சி மாமா" என்றார் மாமா, தன் அக்காள் புருஷனிடம். "இந்தச் சிவப்புச் சாயம் எந்தூர்ல இருந்து கப்பலேறி வருதுன்னு நெனச்சிக்கினு இருக்கீங்க? ஜெர்மனி. இனிமே கப்பல் வராது."

பிள்ளைகளான எங்களுக்குச் சாயத்தைப் பற்றி என்ன கவலை? பெயர்கள் பிடித்துப்போயின. பம்பரம் உடைந்தவன் ஆஸ்திரியா ஆனான். உடைத்த சின்னவன் செர்பியா. ஆஸ்திரியாவின் பெரியப்பா மகன், எங்கள் எல்லாரையும்விட ஒரு சாண் உயரம், "நீ அடிடா, நான் இருக்கேன்" என்று ஜெர்மனி ஆனான். சின்னவனின் பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். அந்த வீட்டுப் பையன் ரஷ்யா. ஒவ்வொருவனும் இன்னொருவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். பம்பரத்தை ஒட்ட வைக்கலாமா என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

இங்கிலாந்து எனக்குக் கிடைத்தது. பழைய காசில் ராணி தலை இருந்ததால், பெண்பிள்ளைதான் அதற்குச் சரி என்று தீர்ப்பு. என் பாவாடையைப் பிடித்துக்கொண்டே திரிந்த ஐந்து வயதுத் தம்பி இந்தியா.

"இந்தியாவைக் கேட்டாங்களா மாமா, சண்டைக்கு வரியான்னு?"

"இன்னாத்துக்குக் கேக்கணும்? இங்கிலாந்து போனா இந்தியாவும் போவும். வால் மட்டும் தனியா வூட்ல குந்திக்கினு இருக்குமா?"

எல்லாத் தறிகளும் சிரித்தன. தம்பியும் சிரித்தான்.

எங்கள் தெருவில் விடிந்ததும் பாவு நீட்டுவார்கள். சேலையின் நெடுக்கில் ஓடவேண்டிய பட்டு இழைகள் அத்தனையையும் ஆறேழு வீட்டு நீளத்துக்கு மூங்கில் கால்கள்மேல் விரித்து, கஞ்சி தெளித்து, அறுந்ததைப் பிணைத்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிட வேண்டும். அதுவரை மாட்டைக்கூட வேறு சந்தில்தான் ஓட்டிப்போவார்கள். அன்று நீட்டியிருந்தது மாமாவின் பாவு. ஒரு முகூர்த்தச் சேலைக்கும் அதன் கூடச் சேர்ந்த இரண்டுக்கும். சாயக்காரர் தகரத்தைச் சுரண்டிக் கடைசியாகக் காய்ச்சிய சிவப்பு. காலை வெளிச்சத்தில் தெருவுக்கு நடுவே ஒரு ஆறு போலக் கிடந்தது. மூச்சு விட்டால் அசைந்தது.

அப்பாவும் கூட இருந்தவர்களும் கூழ் குடிக்க உள்ளே போனார்கள். மாமா கஞ்சிப் பானையை எடுக்கத் திரும்பினார்.

"ஒருத்தரும் கிட்ட வரக்கூடாது. நீதான் காவல். சத்தியமா?"

"சத்தியம் மாமா."

பாவுக்கு அந்தப் பக்கம் ஆஸ்திரியாவும் ஜெர்மனியும். இந்தப் பக்கம் செர்பியாவும் ரஷ்யாவும். பாவு யார் நாடும் இல்லை என்று எங்களுக்குள் பேச்சு. ஆனால் சின்னவன் நாக்கைத் துருத்தி அழகு காட்டினான். சுற்றிக்கொண்டு வந்தால் ஓடிவிடுவான். ஜெர்மனி குனிந்தான்.

"அடியில பூந்து வந்துடறேன். ஒரு இழை அறாது."

"வராதே! மாமாகிட்ட சத்தியம் பண்ணிருக்கேன்!"

"உன் சத்தியத்தை ஊறுகா போடுடி."

நுழைந்துவிட்டான். சிவப்புக்கு அடியில் அவன் முதுகு தெரிந்தது. எனக்கு வந்த கோபம் நல்ல கோபம். அதுபோல் நல்ல கோபம் அப்புறம் எனக்கு வந்ததில்லை. சத்தியத்தைக் காப்பாற்றவேண்டும். ரஷ்யாவைக் கூப்பிட்டேன். தம்பியின் முதுகில் கைவைத்து, "நீ குட்டை, உள்ள போய் அவன் காலப் புடி" என்று தள்ளினேன். அவன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். போனான். காலைப் பிடித்தான். ஜெர்மனி உதறி நிமிர்ந்தான். ஆஸ்திரியா அவனுக்காகப் பாய்ந்தான், ரஷ்யா எனக்காக. நான் ஒரு மூங்கிலைப் பிடுங்கினேன்.

பட்டு அறுவதற்குச் சத்தம் உண்டு. ஓட்டின்மேல் மழை தொடங்குவதைப் போல இருக்கும்.

நாடுகள் எல்லாம் அவரவர் வீட்டுக்குள் ஓடிவிட்டன. தம்பி மட்டும் சிவப்புச் சிக்கலுக்குள் கிடந்தான். இழை அறுத்துக் காது மடலில் ரத்தம். அப்பா மூங்கிலோடு வந்தார். மாமா அவரை முந்திக்கொண்டு மண்டியிட்டு, தம்பியைச் சுற்றியிருந்ததை ஒவ்வொன்றாக விலக்கினார். அப்போதும் இழை அறாமல் விலக்கப் பார்த்தார்.

"யார்ரா உன்ன உள்ள போவச் சொன்னது?" என்று அப்பா கத்தினார்.

தம்பி என்னைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. அப்பா அடித்தார். அப்போதும் சொல்லவில்லை.

"நீ காவல் இருந்தியாம்மா?" என்று மாமா என்னைக் கேட்டார்.

"இருந்தேன் மாமா. அவன்தான் பூந்தான்."

"செரி" என்றார்.

மூன்று நாள் உட்கார்ந்து முடிச்சுப் போட்டார். போதாத இழைக்கு வேறு சிவப்பைச் சேர்த்து நெய்ததில், சேலைக்குள் ஆறிய புண்ணைப்போல ஒரு கோடு ஓடியது. கல்யாண வீட்டார் வேண்டாம் என்றார்கள். பட்டு கொடுத்துக் கூலிக்கு நெய்யவைக்கும் முதலாளி அடுத்த பாவை மாமாவுக்குத் தரவில்லை. பிறகு பலருக்கும் தரவில்லை. சாயம் நின்ற மாதிரியே பிரான்ஸிலிருந்து வந்த சரிகையும் அருமையாகிவிட்டது. நாங்கள் அந்த விளையாட்டை மறுபடி ஆடவில்லை. பத்திரிகை ஆடிக்கொண்டிருந்தது. ஜப்பான், துருக்கி, இத்தாலி. பெயர்கள் ஏறிக்கொண்டே போக, எங்கள் தெருவில் அத்தனைக்கும் பிள்ளைகள் போதவில்லை. மாமா அதன்பிறகு உரக்கப் படிக்கவில்லை. கேட்கத் தறிகளும் அதிகமில்லை.

எனக்குத் தலை நரைத்த இப்போதும் காலையில் பத்திரிகை வருகிறது. புதிதாக ஒரு நாட்டின் பெயர் சேர்ந்திருந்தால் என் கை தானாகப் பக்கத்தில் ஒரு சின்ன முதுகைத் தேடுகிறது.

மாமாவின் தறி சும்மா கிடந்த அந்த நாளில்தான் ஆள் சேர்க்கிறவர்கள் ஊருக்கு வந்தார்கள். பட்டாளத்துக்கு மூட்டை சுமக்கவும் ஆள் வேண்டும், துருக்கியோடு சண்டை நடக்கும் பஸ்ராவுக்குக் கப்பல் என்றார்கள். மாமா கையெழுத்துப் போட்டார். அவர் திரும்பவில்லை, அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ரயிலடியில் தம்பி அவர் தோள்மேல் உட்கார்ந்திருந்தான். காது மடலில் அந்தக் கோடு வெளுத்திருந்தது. அம்மா அழுதாள். அப்பா ரயில் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமா பெட்டியில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது நான் கேட்டேன்.

"உன்ன யாரு மாமா போவச் சொன்னது?"

அவர் என்னைப் பார்த்தார், சிக்கலுக்குள்ளிருந்து தம்பி பார்த்தானே, அதே பார்வை.

ஊதல் சத்தத்தில் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நகரும் வண்டியோடு ஓடி, இன்னும் உரக்க அதையே கேட்டேன்.