ரிப்பனுக்கு முன்னால் திறந்த கூடம்

ஒரு கட்டடம் எப்போது திறக்கப்படுகிறது? முதல் ஆள் உள்ளே போய்த் தலைசாய்க்கும்போதா, பெரியவர் ஒருவர் வந்து ரிப்பனை வெட்டும்போதா? சமூகப்பணி படித்துவிட்டு முத்தியால்பேட்டையில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தபோது, இப்படியொரு கேள்விக்கு நான் பதில் தேட வேண்டியிருக்கும் என்று நினைக்கவில்லை. கோரிமேட்டில், சித்திரை மாதத்து முற்பகல் ஒன்றில், ஒரு நலப்பணி மேலாளர் அதை என் முன் வைத்தார்.

தெற்கே சுண்ணாம்புக்கல் வெட்டும் ஒரு நிறுவனத்தின் அலுவலர் அவர். பாறைக்கு வெடி வைக்கும் பிரிவில் மேற்பார்வையாளராக நெடுங்காலம் தூசி தின்றுவிட்டு, ஓய்வு நெருங்கும் வயதில் நலப்பணிக்கு வந்திருந்தார். அந்த நிறுவனம் தன் லாபத்தில் ஒரு பங்கைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும் என்பது சட்டம், சி.எஸ்.ஆர். நிதி என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். சுரங்கத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து நோயாளிகள் பஸ் பிடித்து வந்து சேர்வது கோரிமேட்டிலுள்ள பெரிய மருத்துவமனைக்கு. அவர்களுடன் வருபவர்கள் தங்க அதனருகே ஒரு கூடம் கட்டலாம் என்பது மேலாளரின் யோசனை; கட்டித் தரும் பொறுப்பு எங்களுடையது. நிதியாண்டுக்குள் செலவைக் காட்டியாக வேண்டுமென்று தலைமை அலுவலகம் விரட்டியது. மார்ச் முடிவதற்குள் மின்விசிறி, குழாய், கழிப்பறை எல்லாம் தயார். உடனே பூட்டுப் போட்டார்கள். திறந்து வைக்க வேண்டிய சுரங்க நிறுவன இயக்குநருக்குத் தேதி அமையவில்லை. விழாவுக்கு முன் யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலில் கேள்வி கேட்கப்படாத வழக்கம். தரை அழுக்காகும், சுவரில் கைபடும், புகைப்படத்தில் புதிதாகத் தெரியாது.

மக்கள் அந்தக் கூடத்தைப் பயன்படுத்திக்கொண்டுதான் இருந்தார்கள், அதன் வெளிப்பக்கத்தை. காலையில் மேற்குச் சுவரின் நிழலில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். வெயில் ஏறி நிழல் சுருங்கியதும் மூட்டைகளை எடுத்துக்கொண்டு எழுந்து நிற்பார்கள். பிற்பகலில் கிழக்குச் சுவருக்கு மாறுவார்கள். அவர்களில் ஒரு பெண்மணி, அந்தச் சுரங்கத்திலேயே ஒப்பந்தக் கூலியாகப் பாறை துளைத்தவரின் மனைவி. கணவர் மூச்சுத்திணறலோடு வார்டில் கிடந்தார். வார்டுக்குள் இரவு பகலாக இருக்க அனுமதியில்லை. ஊருக்குப் போய்வரவும் வழியில்லை. வெயிலில் மயங்கி விழுந்து ஒருமுறை அவருக்கே குளுக்கோஸ் ஏற்றியிருந்தார்கள். இவரும் படுத்துவிட்டால் கணவருக்கு மருந்து வாங்கித் தர வேறு ஆளில்லை.

அன்று மேலாளரும் நானும் விழாப் பந்தலுக்கு இடம் பார்க்கப் போயிருந்தோம். அந்தப் பெண்மணி பூட்டை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உள்ள யாரு சார் குடியிருக்காங்க? ஃபேனா?”

மேலாளர் சிரிக்க முயன்றார். “இன்னும் தொறக்கலம்மா. பெரியவரு வரணும்.”

“எங்க வூட்டுக்காரரு நெஞ்சு அடைக்கறதுக்கு யாரும் தேதி பாக்கலியே சார். குழி வெட்டச்சொல்லோ நல்ல நாளு பாத்தா வெட்டுனீங்க?”

நான் விளைவுகளை எடைபோட்டுக்கொண்டிருந்தேன். வழக்கத்தை மீறினால் அடுத்த ஆண்டு நிதி வராது. சேதராப்பட்டில் பாதியில் நிற்கும் எங்கள் தொழிலாளர் மருத்துவ முகாமும் அதை நம்பித்தான் இருந்தது. அதைத் தயங்கியபடி சொன்னேன். மேலாளர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார்.

“தம்பி, நீங்க டீ குடிச்சிட்டு வாங்க. இத நீங்க பாக்கல.”

“பாத்துட்டேனே சார்.”

“அப்ப ரெண்டு டீயா சொல்லுங்க.”

பதினைந்து நாள் கழித்து இயக்குநர் வந்தபோது கூடம் நிறைந்திருந்தது. தூண்களுக்கிடையே கொடி கட்டி ஈரச்சேலைகள் காய்ந்தன. ஒரு மூலையில் யாரோ சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார்கள். புகைப்படக்காரர் அந்தப் பெண்மணியிடம் சேலைகளை எடுக்கச் சொன்னார். “எடுத்துட்டு? நனைஞ்சதயே கட்டிக்கினு நிக்கவா உங்க போட்டோவுக்கு?” என்றார் அவர். இயக்குநர் மேலாளரைத் திரும்பிப் பார்த்தார்.

“யார் இவங்கல்லாம்?”

“பயனாளிகள் சார்.”

“அதுக்குள்ளயா?”

“நோய் முந்திக்கிச்சு சார்.”

ரிப்பன் வெட்டப்பட்டது. உள்ளே இருந்த யாரும் எழவில்லை. எழ வேண்டுமென்று அவர்களுக்குத் தோன்றவுமில்லை. கைதட்டியது நாங்கள் சிலர் மட்டும். இயக்குநர் தேநீர் குடிக்காமல் கிளம்பினார். அந்த மாதமே மேலாளரை மீண்டும் வெடிப்பிரிவுக்கு மாற்றினார்கள். தொலைபேசியில் பேசினேன். “தூசிக்கு என்னைத் தெரியும் தம்பி, ஒண்ணும் செய்யாது,” என்றவர் பேச்சை முடிக்குமுன் இருமினார். கடைசிவரை அவர் குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது.

அவரை வீரர் என்று எழுத எனக்கு விருப்பமில்லை, அவருக்கும் பிடித்திருக்காது. மூச்சைக் கெடுக்கும் குழியை அப்படியே விட்டுவிட்டு, மூச்சுக் கெட்டவரின் மனைவிக்கு மின்விசிறி மாட்டும் ஏற்பாடு இது என்பது அவருக்கு என்னைவிடத் தெரியும். இருந்தும், ஏற்பாடு எவ்வளவு சின்னதோ அவ்வளவையாவது தாமதிக்காமல் கொடுத்துவிட வேண்டும் என்று அவர் நினைத்திருக்கலாம். நான் கேட்கவில்லை.

அடுத்த ஆண்டு நிறுவனம் எங்களுக்கு நிதி தரவில்லை. சேதராப்பட்டு முகாம் நின்றுபோனது. அந்தப் பெண்மணியின் கணவர் ஆக்சிஜன் உருளையோடு ஊர் திரும்பினார். இப்போது யாருடன் ஒப்பந்தம் போட்டாலும், வேலை முடிந்த அன்றே மக்கள் பயன்பாட்டுக்கு விட வேண்டும் என்ற ஒரு வரியைச் சேர்க்கிறோம். அந்த வரியைப் படித்துவிட்டுப் பலர் விலகிப்போகிறார்கள்.