கோளாறு தன்னிடம் என்று அவர் சொன்ன நாள்

கல்யாணமாகி ஐந்து வருடத்துக்குள் எனக்கு மூன்று முறை கரு கலைந்தது. ஒன்றுகூட மூன்றாம் மாதத்தைத் தாண்டவில்லை. அப்போது சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தேன். இரண்டாவது போனதும், "பட்டாசு மருந்து நெடிதான் புள்ளைய அழிக்குது" என்றார் மாமியார். வேலையை விட்டேன். மூன்றாவதும் போனது. பிறகு பழியெல்லாம் என் உடம்பின் மேல்தான்.

என் கணவர் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்த்தார். டைரி சீசன் முடிந்ததும் என்னை மதுரைக்கு அழைத்துப் போனார். அங்கே டாக்டரம்மா, "உங்க ரெண்டு பேர் ரத்தத்தையும் பார்க்கணும். மெட்ராஸ்ல இப்பத்தான் இதெல்லாம் பார்க்க ஆரம்பிச்சிருக்காங்க" என்று கடிதம் கொடுத்தார். "எனக்கு எதுக்கு?" என்று கணவர் கேட்கவில்லை. மெட்ராஸில் முதலில் சட்டைக் கையை மடித்து நீட்டியவரும் அவர்தான்.

முடிவு வந்தபின் டாக்டரம்மா அவரிடம் சொன்னார்: "உங்க தொழில வச்சே சொல்றேன். உங்க உடம்போட குறிப்பெல்லாம் ஒரு டைரின்னு வச்சுக்கங்க, அதுல பக்கம் எதுவும் குறையல. ரெண்டு தாளோட துண்டு மட்டும் இடம் மாறி ஒட்டியிருக்கு. பிறவியிலேயே அப்படி; பெத்தவங்க வழியா வந்திருக்கலாம், கூடப்பிறந்தவங்களுக்கும் இருக்கலாம். அதனால உங்க உடம்புக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா பிள்ளைக்கு அதுல பாதி போறப்போ, சில தடவை ஒரு துண்டு கூடிடும், இல்ல குறைஞ்சிடும். அந்தக் கரு தங்காது. சரியாப் போனா தங்கும்."

"அப்ப இவளுக்கு?"

"இவங்ககிட்ட ஒரு குறையும் இல்ல."

பஸ் ஏறி ஊர் திரும்பினோம். வீட்டில் சொல்லமாட்டார் என்றே நினைத்தேன். அந்தக் காலத்தில் எந்த ஆண்பிள்ளை சொல்வான்? ஆனால் வாசலில் நின்றபடியே சொன்னார்: "ஆத்தா, கோளாறு எங்கிட்டதான் இருக்கு. பிறவியிலயே வந்ததாம். இனி இவள ஒரு சொல் சொல்லாதீக."

மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கும் நாலு தங்கல, தாயி. என் மாமியா என்னைய எம்புட்டுப் பேச்சுப் பேசுனாக! அதையேதான நானும் ஒன்னையப் பேசிப்புட்டேன்."

அந்த நாலைப் பற்றி அவர் பெற்ற மகனுக்கே அன்றுவரை தெரியாது.

எனக்கு நான்காவதும் தங்கவில்லை. இந்த முறை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பதினைந்து நாள் தண்ணீர்க் குடத்தை என்னைத் தொடவிடாமல் மாமியாரே சுமந்தார். ஐந்தாவதாக, விருதுநகர் ஆஸ்பத்திரியில் மகள் பிறந்தாள். அவள் பிறக்காமலே போயிருந்தாலும் அந்த மனிதரோடு நான் நன்றாகத்தான் வாழ்ந்திருப்பேன்.

சில வருடம் கழித்து, வெம்பக்கோட்டைப் பக்கம் வாக்கப்பட்ட என் நாத்தனாருக்கு இரண்டு கரு கலைந்தது. சம்பந்தி வீட்டாரிடம், இது பிறவியிலேயே வருவது, யார் குற்றமுமில்லை என்று எடுத்துச் சொல்ல, யாரும் சொல்லாமலே முதல் பஸ்ஸில் கிளம்பிப் போனவர் என் மாமியார்.