புரட்டாசி சனிக்கிழமையும் ஒரு தட்டு க்ரில் சிக்கனும்

தில்லைநகர்ல புதுசா வந்திருக்கிற மெக்சிகன் கடைக்கு, இன்னைக்கு சாயங்காலம் எங்க ஆபீஸ் சேகர் சாரோட போனேன்.

எனக்கு க்ரில் சிக்கன். கரி வாசனையோட, எலுமிச்சை பிழிஞ்சு, ஆவி பறக்க வந்துச்சு. ரெண்டு வாய்தான் சாப்பிட்டிருப்பேன். சொர்க்கம்.

சார் புரட்டாசி விரதம். வெறும் சோளச் சிப்ஸ் வாங்கிக்கிட்டார்.

"சனிக்கிழமை அதுவுமா ஒரு நாள் நாக்கைக் கட்ட முடியாதா தம்பி? நான் காலையிலதான் ஸ்ரீரங்கம் போய் பெருமாளைச் சேவிச்சுட்டு வந்தேன்"னு அட்வைஸ் வேற.

அப்புறம் சிப்ஸை ஒரு கடி கடிச்சார். கடிச்ச அதே சிப்ஸை என் தட்டுல, சிக்கனுக்கு அடியில தேங்கியிருந்த மசாலாவுல முக்கி எடுத்தார். விரலை நக்கினார். மறுபடியும் முக்கினார்.

"சார், அது சிக்கன்ல இருந்து இறங்கின சாறு!"

"அதனால என்ன தம்பி? பீஸைத் தொடலையே!"

அவர் எச்சில் பட்ட தட்டை அப்படியே தள்ளி வெச்சுட்டேன்.

"ஏன், நல்லா இல்லையா?"ன்னு கேட்டுக்கிட்டே மிச்ச மசாலாவையும் வழிச்சு முடிச்சார். பீஸை மட்டும் பத்திரமா ஓரமா ஒதுக்கி வெச்சிருந்தார்.

விரதம் இருந்தது அவர். பட்டினி கிடந்தது நான். புண்ணியம் யாருக்குப் போய்ச் சேரும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.