யார் பெயருக்குச் சீட்டு?

மனநல டாக்டரின் வாசலில் உட்கார்ந்து சீட்டு எழுதுகிறவள் "பேஷன்ட் யாருங்க?" என்று மட்டும் கேட்கக் கூடாது, கேட்டால் வந்திருக்கிற நாலு பேரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள். அப்படி ஒரு மேசையில் மாட்டிக்கொண்டு அவதிப்பட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். தொண்ணூறுகளில் தொடங்கிப் பதினோரு வருஷம் திருவண்ணாமலையில் எனக்கு அந்த வேலை. படிப்பு பன்னிரண்டாவதுதான். ஆனாலும் மாடிப்படி ஏறி வருகிற எல்லோருக்கும் நான் "சிஸ்டர்".

பௌர்ணமிக் கூட்டம்

டாக்டர் மெட்ராஸிலிருந்து வருவார். முதலில் மாதம் இரண்டு ஞாயிறு என்று வைத்தார். ஈ ஓட்டினோம். இந்த டாக்டரிடம் போனது தெரிந்தால் வீட்டுப் பெண்ணுக்கு வரன் வராது என்ற பயம் எல்லோருக்கும். பிறகு பௌர்ணமி பகலுக்கு மாற்றினார். மாடிப்படி முழுக்கச் செருப்பு! கிரிவலம் போகிறோம் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டு வந்துவிடலாம், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஒரு பௌர்ணமி, மாமியாருக்குத் தெரியாமல் வந்திருந்த ஒரு பெண் என் மேசையை விட்டு நகரவே இல்லை.

"சீக்கிரம் உள்ள அனுப்புங்க சிஸ்டர். கால்ல கொஞ்சம் புழுதி ஒட்டிக்கினு போனாதான் நம்புவாங்க."

வராத நோயாளி

வளர்மதி கீழ்பென்னாத்தூரிலிருந்து தனியாக வந்தாள். கணவருக்கு அங்கே பம்ப் செட் கடை. ஊரில் அவருக்கு அத்தனை மரியாதை. வீட்டுக்குள் வேறு கதை. வந்த விருந்தாளி "குழம்பு பிரமாதம்மா" என்று அவளிடம் சொல்லிவிட்டால், மூன்று நாள் அவளோடு பேச மாட்டார். ஏழாவது படிக்கும் மகள் பள்ளியில் பரிசு வாங்கி வந்தால், அன்றைக்கென்று அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். எல்லோரும் பரிசை விட்டுவிட்டு அவர் நெற்றியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். தப்பு எப்போதும் மற்றவர்களுடையது.

டாக்டர் பொறுமையாகக் கேட்டார். நார்சிஸ்டிக் பர்சனாலிட்டி டிஸார்டர் என்று ஒன்று உண்டு, தான் என்பதைத் தவிர வேறு யாரும் கண்ணில் படாத கோளாறு, ஆனால் ஆளைப் பார்க்காமல் அப்படித்தான் என்று சொல்ல முடியாது என்றார். அதற்கென்று மாத்திரை கிடையாதாம். மாதக்கணக்கில் உட்கார்ந்து பேச வேண்டும், அதற்கு அவரே வர வேண்டும். வளர்மதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அவரு வரமாட்டாரு டாக்டர். தனக்கு ஒண்ணுமில்லன்னு அவ்ளோ உறுதியா இருக்காரு. சில நாள் எனக்கே அப்படித்தான் தோணுது."

என் மூளை வேலை செய்தது

சும்மா இருந்திருக்கலாம். "உன் பேருக்கே சீட்டு போட்டுக்கலாம். உனக்குத் தூக்கம் வரலன்னு சொல்லு, டாக்டர் வீட்டுக்காரரைப் பாக்கணும்னு சொல்றாருன்னு கூட்டிக்கினு வா" என்று அவளுக்கு வழி சொன்னது நான்தான். டாக்டர் என்னைக் கடிந்துகொண்டார். பொய்யில் ஆரம்பிக்கிற வைத்தியம் நிற்காது என்றார். வளர்மதி அழுதாள். கடைசியில் டாக்டர், ஒரே ஒரு தடவை பார்க்கிறேன் என்று இறங்கி வந்தார்.

அடுத்த பௌர்ணமிக்குக் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் கணவர் வந்தார். சீட்டில் "வளர்மதி, வயது 34" என்று எழுதினேன். துணைக்கு வந்தவர் என்ற முறையில் சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். உள்ளே போனவர் ஒரு மணி நேரம் மனைவியின் குறைகளைச் சொல்லிவிட்டு முகமெல்லாம் மலர்ச்சியாக வெளியே வந்தார்.

"உங்க டாக்டர் விஷயம் தெரிஞ்ச மனுஷன். நான் பேசனத மட்டும் கேட்டாரு, குறுக்கவே பேசல."

ஐந்தாவது சீட்டு

அவர் தொடர்ந்து வந்தார். பேசுவதற்கு ஒரு இடம் கிடைத்ததில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். டாக்டரும் மெல்ல மெல்ல அவர் பேச்சை அவர் பக்கமே திருப்பிக்கொண்டிருந்தார். ஐந்தாம் மாதம், கணவர் உள்ளே இருக்கும்போது வளர்மதி என் காதருகே குனிந்தாள். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

"பதினாலு வருஷத்துல மொத தடவையா 'நீ சாப்டியா'ன்னு கேட்டாரு சிஸ்டர். இன்னா பதில் சொல்றதுன்னே தெரியல."

ஆறாவது சீட்டு

இனிமேலும் மறைக்கக் கூடாது என்று டாக்டர் நினைத்தார். நாம் பேசிக்கொண்டிருப்பது உங்களைப் பற்றித்தான், உதவி உங்களுக்குத்தான் என்று பக்குவமாகவே சொல்லியிருக்கிறார். கதவு திறந்தது. கணவர் கோபமாக வரவில்லை, சிரித்துக்கொண்டே வந்தார். வளர்மதியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார்.

"சீட்டுல யாரு பேரு இருக்குதுன்னு உங்க டாக்டருக்குக் கொஞ்சம் படிச்சிக் காட்டுங்க."

கீழ்பென்னாத்தூரில் ஒரு பகல்

அந்த வாரமே அவளை அடி அண்ணாமலையில் இருக்கும் அவள் தாய் வீட்டில் விட்டுவிட்டார். மகளைத் தன்னோடு வைத்துக்கொண்டார். பைத்தியத்திடம் பிள்ளையை எப்படி விடுவது என்று அவர் கேட்டதற்கு ஊரே தலையாட்டியது. பெரியவர்கள் கூடிப் பேசும் நாளில், வளர்மதிக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் எழுதிக்கொடுத்த கடிதத்தோடு நான் பஸ் ஏறினேன். கணவர் தன் வீட்டு வாசலில் எனக்கு நாற்காலி போட்டு, கலர் சோடா வரவழைத்தார். பிறகு ஆறு சீட்டையும் வரிசையாகப் பரப்பினார். எல்லாவற்றிலும் மனநல டாக்டரின் முத்திரை, அதன் கீழே என் கையெழுத்தில் அவள் பெயர்.

நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன். கடிதத்தையும் கொடுத்தேன். வீட்டுக்குள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண் குழந்தை நின்றது. கூட்டத்தின் ஓரமாக வந்து நின்றிருந்த அம்மாவைப் பார்க்கவே இல்லை, அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. கூட்டத்தில் மூத்தவர் கடிதத்தை மடித்து என்னிடமே நீட்டினார்.

"அன்னிக்கு எழுதனது பொய்யா, இன்னிக்குச் சொல்றது பொய்யா? ரெண்டும் நீதானேம்மா?"

புதுச் சீட்டு

அதற்கடுத்த பௌர்ணமிக்கு வளர்மதி வந்தாள். கிரிவலம் என்று யாரிடமும் சாக்குச் சொல்லவில்லையாம், அதுதான் ஊருக்கே தெரிந்துவிட்டதே. பாதியாக இளைத்திருந்தாள். மகள் பள்ளிக்கூட வாசலில்கூடப் பேச மறுக்கிறாள் என்றாள். என்னைத் திட்டுவாள், நாலு வார்த்தை கேட்பாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் பாரம் குறைந்திருக்கும். அவள் மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டு, வழக்கம்போல மரியாதையாகவே கேட்டாள்.

"இப்ப நெஜமாவே தூக்கம் வரல சிஸ்டர். பழைய சீட்டே போதுமா, புதுசா போடணுமா?"

பதினோரு வருஷத்தில் வீட்டில் இன்னொருவருக்கு இருந்த 'தான்' என்ற அந்த நோயால் மாத்திரை விழுங்கியவர்கள் எத்தனையோ பேருக்குச் சீட்டு எழுதிவிட்டேன். அந்த நோய் இருந்தவர் ஒருவர்கூட அதில் இல்லை.